கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

கண்ணாடி பாட்டில் நல்லது, பிளாஸ்டிக் கெட்டது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நீலகிரி காட்டில் வீசிய டாஸ்மாக் பாட்டில்களும் கண்ணாடிதானே? உடைந்த சில்லு யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் சொன்ன பிறகு, 2022-ல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலானவை கடைக்கே வந்துவிட்டன!

கோலி சோடாக்காரர்களுக்கு இது பழைய கணக்கு. கண்ணாடி கனம், உடையும். திரும்பி வந்து கழுவி நிரப்பினால்தான் கட்டுப்படியாகும். பாட்டிலோடு நடையைக் கட்டினால் கடைக்காரர் விடுவாரா என்ன? எடமலைப்பட்டி புதூர் பெட்டிக்கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அதற்கும் 2 ரூபாய் முன்பணம் வைக்கட்டும், அப்புறம் சாக்கடையில் தேடினாலும் கிடைக்காது.