உய்பெஸ்ட்டும் ராயபுரமும்: டீம் யாருடையது?

சென்னையில் ஃபுட்பால் 2014ல் பிறந்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஆண்டு ஐ.எஸ்.எல். வந்தது, நீலச் சட்டையோடு சென்னையின் எஃப்.சி. வந்தது, அபிஷேக் பச்சன் வந்தார், தோனி வந்தார்... அதற்கு முன்னால் இந்த ஊரில் கிரிக்கெட் மட்டும்தான் இருந்ததாம்! டி.வி.யில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லும்போது வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ யாரும் சிரிப்பதுகூட இல்லை. பழகிவிட்டது.

இந்தப் பொய்க்குப் பதில் சொல்ல ஹங்கேரி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. சுற்றுவழிதான், ஆனாலும் காரணம் இருக்கிறது.

புடாபெஸ்ட் நகரத்துக்கு வடக்கே உய்பெஸ்ட் என்று ஓர் ஊர். தொழிற்சாலைகள் நிறைந்த தனி ஊராக இருந்து, 1950ல் தலைநகரோடு சேர்க்கப்பட்டது. துங்ஸ்ராம் பல்பு கம்பெனி அங்கேதான் இருந்தது. அந்த ஊரின் கிளப் 1885ல் தொடங்கியது. தெற்கே கிஷ்பெஸ்ட், அதே கதைதான்: 1909ல் ஒரு கிளப், 1950ல் நகரத்தோடு இணைப்பு. புஷ்காஷும் போஜிக்கும் அங்கே பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பையன்கள். செப்பெல் ஒரு தீவு. அங்கே இரும்பாலைத் தொழிலாளர்களின் டீம் நான்கு முறை ஹங்கேரி சாம்பியன் ஆனது, கடைசியாக 1959ல். ஃபெரன்ட்ஸ்வாரோஷ் 1899ல் தொடங்கியது. கசாப்புக் கூடங்களும் சந்தைகளும் இருந்த பேட்டையின் கிளப் அது. வாஷாஷ் என்றாலே இரும்புத் தொழிலாளி என்றுதான் பொருள். 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப் போட்ட அணியை எல்லோரும் புகழ்வார்கள். அந்தப் பதினோரு பேரும் வந்தது இந்த மாதிரிப் பேட்டைகளிலிருந்தும் சின்ன ஊர்களிலிருந்தும்தான். வலது பின்காவலர் புசான்ஸ்கி ஆடிக்கொண்டிருந்தது டோரோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்காக.

இப்போது வடசென்னையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ராயபுரத்தில் 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். அதை ஒட்டித் துறைமுகம். பெரம்பூர் பக்கம் பின்னி மில்கள், 1955ல் ஐ.சி.எஃப். எண்ணூரில் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி. 1918ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்ததும் இந்த மில் தொழிலாளர்களால்தான். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகள், பிறகுதான் சென்னையோடு சேர்ந்தன (உய்பெஸ்ட் ஞாபகம் வருகிறதா?). ரயில், கப்பல், இரும்பு, சங்கம், நெருக்கமான தெரு, மாலையில் பந்து. எல்லாச் சாமானும் இருந்தது. ஆனால் ராயபுரத்துக்கு ஒரு உய்பெஸ்ட் கிடைக்கவில்லை. ஏன்?

டிபார்ட்மென்ட் டீம்கள்தான் காரணம். இதைச் சொன்னால் பழைய ஆட்டக்காரர்கள் கோபப்படுவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

சென்னை லீகின் டீம் பெயர்களை வாசித்துப் பாருங்கள். போர்ட் டிரஸ்ட், கஸ்டம்ஸ், ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், இன்கம்டாக்ஸ், ரிசர்வ் பேங்க், ஏ.ஜி. ஆபீஸ். தேசிய லீக் நடந்த காலத்தில் இந்தியன் பேங்க் அதிலும் ஆடி, ஈஸ்ட் பெங்கால், சல்காவ்கர் போன்ற டீம்களைச் சந்தித்தது. சாதாரண விஷயமில்லை. ஆனால் ஒரு கேள்வி: கணக்காயர் அலுவலகம் கோல் போட்டால் எந்தத் தெருவில் வெடி வெடிக்கும்? வருமான வரித் துறை ஜெயிக்க வேண்டும் என்று எந்தத் தாய் வேண்டிக்கொள்வாள்?!

ஹங்கேரியில் தொழிற்சாலையும் பேட்டையும் ஒரே இடத்தில் இருந்தன. செப்பெல் ஆலையில் வேலை செய்கிறவன் செப்பெலில் குடியிருந்தான், செப்பெல் டீமுக்குக் கத்தினான். இங்கே போர்ட் டிரஸ்ட் டீமின் முகவரி மட்டும் வடசென்னை. ஆட்டக்காரன் எந்த மாவட்டத்துக்காரனாகவும் இருக்கலாம், மேட்ச் நடப்பது பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில், பார்ப்பது இன்னொரு டிபார்ட்மென்ட்காரர்கள். காசிமேட்டுப் பையனுக்கு அந்த டீமோடு இருந்த ஒரே உறவு, என்றைக்காவது அதில் வேலை கிடைக்கும் என்கிற ஆசைதான்.

அந்த ஆசையைக் கேலி செய்ய முடியாது, கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒருவனுக்கு ரயில்வே வேலை கிடைத்தால் ஒரு குடும்பமே நிமிர்ந்தது. குவார்ட்டர்ஸ், பி.எஃப்., பென்ஷன் என்று, வேறு எந்த வழியிலும் எட்ட முடியாததை ஒரு இடதுகால் உதை வாங்கிக் கொடுத்தது. எந்த ஐ.எஸ்.எல். ஒப்பந்தமும் இன்று வரை அந்த அளவு பாதுகாப்பைக் கொடுத்ததில்லை. பழைய ஆட்டக்காரர்களின் கோபம் நியாயம் என்று சொன்னது இதனால்தான். ஆனால் வேலை கொடுத்தவன் வேலைக்கு ஆள் எடுப்பதைக் குறைத்ததும் என்ன ஆயிற்று? டீம் மெலிந்தது, யாரும் கேட்கவில்லை. அது யாருடைய டீமும் இல்லையே, கேட்க யார் இருக்கிறார்கள்?

இங்கேதான் ஹங்கேரிப் பாடம் உறைக்கிறது. 1949ல் கம்யூனிஸ்ட் அரசு எல்லாக் கிளப்களையும் பிடுங்கித் துறைகளுக்குப் பங்கு போட்டது. கிஷ்பெஸ்ட் ராணுவத்துக்குப் போய் ஹோன்வேட் ஆனது. உய்பெஸ்ட் போலீசுக்கு. எம்.டி.கே. ரகசியப் போலீசுக்கு. ஃபெரன்ட்ஸ்வாரோஷைப் பார்த்து அரசுக்கே பயம், அதன் ரசிகர்கள் அடங்காதவர்கள். அதை உணவுத் தொழிலாளர் சங்கத்திடம் தள்ளி, பெயரை மாற்றி, பச்சை-வெள்ளைச் சட்டையையும் பிடுங்கி சிவப்பு-வெள்ளை கொடுத்தார்கள். அதன் நட்சத்திரம் கோச்சிஷ் ராணுவ அணிக்குக் கொண்டுபோகப்பட்டார். அதாவது ஹங்கேரியும் ஒரு காலத்தில் முழுக்க முழுக்க டிபார்ட்மென்ட் டீம்களின் நாடுதான்! ஆனால் ஜனங்கள் அந்தப் புதுப் பெயர்களை ஏற்கவே இல்லை. 1956 எழுச்சியின்போது ஃபெரன்ட்ஸ்வாரோஷுக்குப் பழைய பெயரும் பச்சைச் சட்டையும் திரும்பின. எழுச்சியை டாங்கி வைத்து நசுக்கினார்கள், பெயரை மறுபடி பிடுங்க முடியவில்லை. 2017ல் உய்பெஸ்ட்டின் பெல்ஜிய முதலாளி கிளப் சின்னத்தை மாற்றியபோதும் ரசிகர்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள்.

சென்னையில் என்ன நடந்தது? 1946ல் நேதாஜி ஸ்போர்ட்டிங் கிளப் என்று ஒன்று ஆரம்பித்தது. பிற்காலத்தில் அது சென்னை சிட்டி எஃப்.சி. ஆனது. பிறகு கோயம்புத்தூருக்குப் போனது. சென்னை என்ற பெயரை வைத்துக்கொண்டு கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி, 2019 மார்ச்சில் ஐ-லீக் சாம்பியனும் ஆனது. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டே வருடத்தில் லீகின் கீழ்ப்பாதி, அதன் பின் கிளப்பே காணோம். எழுபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு கிளப் செத்தது, அதற்காகச் சென்னையில் ஒரு கடைகூட அடைக்கவில்லை.

சரி, டிபார்ட்மென்ட் கைவிட்டது, முதலாளி கைவிட்டார். மிச்சம் இருப்பது தெரு. வடசென்னை ஃபுட்பாலை இன்று வரை இழுத்து வந்தது அதுதான். வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் 1990களின் பிற்பாதியில் சேரிப் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். விளையாட்டோடு படிப்பும் உண்டு. முல்லை நகர் கிரவுண்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உதைத்துப் பழகினார்கள். சென்னையின் எஃப்.சி.க்கு ஆடிய தனபால் கணேஷ் அந்தப் பேட்டைக்காரர்தான். நந்தகுமார் சேகரும்.

நந்தகுமார் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா, டூரண்ட் கோப்பை. நாலரை வருடமாக மோகன் பகானை ஜெயிக்க முடியாமல் குமுறிக்கொண்டிருந்தது ஈஸ்ட் பெங்கால். அன்று 1-0. கோல் போட்டது வியாசர்பாடி ஆட்டோ ஓட்டுநரின் மகன். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர் பெயரைச் சொல்லி அழுதார்கள். அவர்களுக்கு ஒரு கிளப் இருக்கிறது, 1920லிருந்து இருக்கிறது, அதனால் அழுதார்கள். வியாசர்பாடிக்காரன் தன் சொந்தப் பேட்டையின் சட்டையைப் போட்டு அப்படி ஒரு கோல் அடிக்க இந்த ஊரில் வழியே இல்லை.

அதற்குப் பதில் வடசென்னைக்குக் கிடைத்தது ஒரு பட்டம்: "மினி பிரேசில்". எந்தப் பத்திரிகை வந்தாலும் இதே தலைப்பு. குப்பைமேடு, ரவுடி, செருப்பில்லாத கால், அதற்கு மேல் ஒரு பந்து. சினிமாவுக்கும் இதுதான் பிடித்திருக்கிறது, 2019ல் வந்த 'பிகில்' வரை. பிரேசில் என்று கூப்பிடுவதில் செலவு எதுவும் இல்லை பாருங்கள்! கிரவுண்டு கேட்டால்தான் செலவு.

கிரவுண்டு என்றதும் கடல் ஞாபகம் வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்தபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரித்துக்கொண்டே போனது. இன்று அங்கே இருப்பது கருங்கல். மெரினாவில் உதைத்து விளையாட ஒரு மணல்வெளியே இருக்கிறது, அதற்கு விலையாகத் தன் மணலைக் கொடுத்த வடக்குக்குப் பாறைதான்.

அப்படி எஞ்சியிருக்கும் மாநகராட்சி கிரவுண்டுகளுக்கும் 2024 அக்டோபரில் விலை வைத்தார்கள். நகரம் முழுக்க 9 செயற்கைப் புல் ஃபுட்பால் மைதானங்களைத் தனியாரிடம் கொடுப்பது, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்று மாமன்றத்தில் தீர்மானம். கணக்குப் போடுங்கள்: ஒரு பையன் தினம் ஒரு மணிநேரம் ஆடினால் மாதம் 3,600 ரூபாய். இரண்டு டீம், 22 பேர், ஒரு மணிநேரத்துக்கு 2,640 ரூபாய். மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்குகிறவர் மகன் இதைக் கொடுப்பானா? எதிர்ப்பு கிளம்பியதும் உடனே தீர்மானத்தை வாபஸ் வாங்கினார்கள், இலவசம் என்றார்கள். நல்லது. ஆனால் அது யோசனையாக ஒரு மேஜையில் தோன்றி, கோப்பாகி, தீர்மானமாக நிறைவேறும் வரை யாருக்கும் உறுத்தவில்லையே, அதுதான் பயம்.

அரசு பணத்தைக் கொட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் ஹங்கேரியின் ஃபெல்சூட் கிராமத்தைப் பார்க்கட்டும். ஜனத்தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே. அங்கே 2014ல் சுமார் 3,800 பேர் உட்காரும் அழகான ஸ்டேடியம் திறந்தார்கள். காரணம், அது அன்றைய பிரதமர் ஓர்பான் வளர்ந்த ஊர். கிளப்புக்குப் பெயர் புஷ்காஷ் அகாடமி. புஷ்காஷ் அந்த ஊருக்கு ஆடியதே இல்லை! அவர் ஆடிய கிஷ்பெஸ்ட்டின் ஹோன்வேட் 2023ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. பணம் வந்தது, ஆனால் பேட்டைக்குப் போகவில்லை. சென்னையிலும் ஐ.எஸ்.எல். பணம் வந்தது. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலில் அந்த லீகே நின்றபோது, அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று தெரிந்தது. முல்லை நகரில் அன்று மாலையும் பந்து உருண்டிருக்கும்.

கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று பேட்டைப் பெயரிலேயே கிளப்கள் லீகில் பதியட்டும். போர்ட்டும் ரயில்வேயும் தங்கள் டீமை வைத்துக்கொண்டே பக்கத்துப் பேட்டைக் கிளப்புக்கு கிரவுண்டும் கோச்சும் கொடுக்கட்டும். மாநகராட்சி கிரவுண்டுகளில் மாலை நேரம் அந்தக் கிளப்களுக்கு என்று எழுத்தில் வரட்டும், அடுத்த தீர்மானம் வருவதற்குள். லீக் ஆட்டங்களில் ஒரு பத்தையாவது பெரியமேட்டை விட்டு வடக்கே கொண்டுபோகட்டும். விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. ரெஃபரி வர வண்டி இல்லை என்ற சாக்குகூட இனிமேல் செல்லாது.