காசிமேட்டில் ஒரு பூகோளப் பாடம்

அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் வெறும் படக்கோடுகளாகப் பிள்ளைகளை நெட்டுருப் போடச் செய்யும் வழக்கம், தகப்பன்மார் விசைப்படகின் ஜி.பி.எஸ். கருவியில் அவ்வெண்களைப் பார்த்தே வலைபோட்டுக் கரைதிரும்பும் காசிமேட்டிலாவது ஒழியவேண்டும். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய தினங்களையொட்டிச் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும்போது, இராயபுரத்துப் பள்ளி முற்றத்தில் செங்குத்தாக நட்ட கழியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கி மறைவதைக் கண்ணாரக் கண்ட குழந்தைக்கு, 13 பாகை வட அட்சம் என்பதன் தாத்பரியம் பிரத்தியட்சமாகிவிடும். அந்த நிழலோ கடிகாரம் பன்னிரண்டடித்துச் சில நிமிஷங்கள் சென்ற பின்னரே மறைகிறது; இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பற்றியது, நாம் அதற்கு மேற்கே 80¼ பாகையை அடுத்து வசிக்கிறோம், பாகைக்கு நான்கு நிமிஷம் என்று உபாத்தியாயர் அங்கேயே வெயிலில் நின்று எடுத்துரைக்க வேண்டும். இத்தேசத்தின் மாபெரும் நில அளவைக்கு ஆதாரமான தீர்க்கரேகை, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக் கூடத்தில் கணிக்கப்பட்டது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லட்டும்.