துப்பாக்கி மலிவு, தோட்டா?

பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தின் பி-90 குறுந்துப்பாக்கியில் இயங்குபொறி விசைக்குப் பின்னே, அடிக்கட்டைக்குள் அடங்கியிருக்கிறது. அதனால் மொத்த நீளம் அரை மீட்டர்தான். குழலோ 26 சென்டிமீட்டர். பேழையில் 50 தோட்டாக்கள். 1997-இல் லிமாவில் பிணைக்கைதிகளை மீட்ட பெரு நாட்டு வீரர்களிடம் இதுவும் இருந்தது.

விசை சற்றுத் தொய்வானது. பேழையை மாற்றுவதும் எளிதன்று. பொருளியல் பயின்ற எனக்கு இவை சில்லறைக் குறைகள். பெருங்குறை 5.7 மி.மீ. தோட்டாதான். கவச உடையைத் துளைக்கவென்றே உருவான அதற்கு, ஜெர்மனி தன் 4.6 மி.மீ. தோட்டாவைப் போட்டியாக நிறுத்தியது. நேட்டோ 5.7-ஐத் தரப்படுத்தியது 2021-இல்தான்! சந்தை பிளவுண்டால் உற்பத்தி பெருகாது, விலையும் இறங்காது. 9 மி.மீ. தோட்டாவோ எங்கும் கிடைக்கிறது. துப்பாக்கியை ஒருமுறை வாங்கினால் போதும். பயிற்சி ஆண்டுதோறும் தோட்டா கேட்கும். ஒப்பந்தப்புள்ளிகளில் அந்தச் செலவையும் சேர்த்தே அரசுகள் ஒப்பிட வேண்டும் என்பேன்.