பச்சை சளியும் மூணு மாத்திரையும்

எங்க ஹாஸ்டல்ல யாருக்காவது மூக்கு ஒழுகினா போதும், அடுத்த அரைமணி நேரத்துல மெடிக்கல் ஷாப்ல இருந்து அசித்ரோமைசின் அட்டை ஒண்ணு வந்துடும். மூணு மாத்திரை. டாக்டர் சீட்டா? அதெல்லாம் யாருங்க கேக்கறாங்க! "மச்சி, சளி பச்சையா வருது, ஆன்டிபயாட்டிக் போட்டாத்தான் கேக்கும்"னு ரூம்மேட் சொல்றதுதான் இங்க வைத்தியம். நானும் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான்.

முதல்ல அந்தப் பச்சை. கிருமியோட சண்டை போட வர்ற வெள்ளணுக்களுக்குள்ள மைலோபெராக்சிடேஸ்னு ஒரு நொதி இருக்கு. அதோட நிறமே பச்சை. அதனால, வெறும் வைரஸ் ஜலதோஷத்துலயும் சளி பச்சையா வரும். வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒண்ணும் செய்யாது.

"எனக்கு கேட்டுச்சே?"ன்னு சண்டைக்கு வராதீங்க. ஜலதோஷம் 2, 3வது நாள்தான் உச்சத்துல இருக்கும். அப்பதான் கடைக்கு ஓடறோம். மாத்திரை தீர்றப்போ அது தானா இறங்கற நேரம். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

கொஞ்சம் படிச்சவங்க வேற வாதம் வைப்பாங்க: இந்த வகை மருந்துகள் கிருமியைக் கொல்றது போக, சளி சுரக்கறதையே குறைக்குமாமே? உண்மைதான். ஜப்பான்ல 1980கள்ல ஒரு நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு எரித்ரோமைசினைக் குறைஞ்ச அளவுல மாசக்கணக்கா கொடுத்து பல பேரைப் பிழைக்க வச்சாங்க. ஆனா அந்த நோய் வேற, ஜலதோஷம் வேற. ரைனோவைரஸ் ஜலதோஷத்துக்கு கிளாரித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2000ல வந்துச்சு. சொல்லிக்கற மாதிரி பலன் எதுவும் இல்லை.

சரி, சும்மா போட்டா என்ன நஷ்டம்? பாகிஸ்தானோட சிந்து மாகாணத்துல 2016ல டைஃபாய்டு பரவ ஆரம்பிச்சப்போ, வழக்கமான மருந்தெல்லாம் தோத்துப்போச்சு. வாயால சாப்பிடற மருந்துல மிச்சம் கேட்டது அசித்ரோமைசின் மட்டும்தான். அதே மாத்திரையைத்தான் நாம மூக்குச் சளிக்கு முழுங்கிட்டிருக்கோம். ஒவ்வொரு தடவையும் நம்ம உடம்புல இருக்கற பாக்டீரியாவுல மருந்துக்கு அடங்காதது தப்பிச்சுப் பெருகுது. நாளைக்கு நம்ம வீட்டுக் குழந்தைக்கு டைஃபாய்டு வந்தா எதைக் கொடுக்கறது?

அட்டை மேல இருக்கற சிவப்புக் கோடு அழகுக்குப் போட்டதில்லைங்க. ஜலதோஷத்துக்கு வெந்நீரும் தூக்கமும் போதும். மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் விடலைன்னாலோ, பத்து நாள் தாண்டினாலோ டாக்டர்கிட்ட போங்க. ரூம்மேட்கிட்ட இல்லை!