முட்டையைக்கூட அப்படி எண்ணுவதில்லை

நோயெதிர்ப்பியலிலும் சிறுநீரியலிலும் 200 கட்டுரை எழுதிய மருத்துவர், 20 எழுதியவரைவிடப் பெரிய ஆய்வாளர். எண்ணிக்கை பொய் சொல்லாது. இதுதான் வாதம். எருமப்பட்டி டீக்கடையில் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள்.

ஒன்று. 1976-இல் கனடாவின் கிங்ஸ்டனில் ஆல்வரோ மொராலஸ் என்ற சிறுநீரியல் மருத்துவர், இரு சகாக்களோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். நோயாளிகள் வெறும் 9 பேர். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியைச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே செலுத்தி, அங்கிருந்த மேலோட்டமான புற்றுக்கட்டிகள் மீது உடலின் எதிர்ப்பாற்றலை ஏவிவிட்டார்கள். தசைக்குள் இறங்காத, ஆபத்து மிகுந்த கட்டிகளுக்கு இன்றும் அதுவே முக்கிய சிகிச்சை. உங்கள் கணக்கில் இதற்கு என்ன மதிப்பு? ஒன்று!

இரண்டு. அதே பிசிஜிக்கு நம் செங்கல்பட்டில் 1968-இல் பெரும் பரிசோதனை தொடங்கியது. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு வெளிவந்தது 1999-இல். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்ட கட்டுரை அது. அந்த நேர்மையை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்?

மூன்று. கட்டுரைகளையும் அவை பெறும் மேற்கோள்களையும் சேர்த்து அளக்கும் ஹெச்-இன்டெக்ஸ் இருக்கிறதே என்பீர்கள். 2005-இல் அதை முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். துறைக்குத் துறை அந்த எண் மாறும் என்று அவரே எச்சரித்தார். நோயெதிர்ப்பியலில் மேற்கோள்கள் குவியும், சிறுநீரியலில் அவ்வளவு குவியாது. இரண்டையும் ஒரே தராசில் போடலாமா? நாமக்கல்லில் சின்ன முட்டைக்குப் பெரிய முட்டையின் விலையை யாரும் தருவதில்லை.

நான்கு. அந்த 200-இல் எத்தனையில் அந்த மருத்துவரின் பெயர் பதினைந்து பேருக்கு நடுவே எட்டாவதாக நிற்கிறது? பார்த்தீர்களா?