வழிகாட்டும் குழுவின் பொறுப்பு

ஆசிரியர் உரை

இளைஞர் பணி செய்யும் அமைப்பில் ஊதியம் பெறாமல் பொறுப்பை மட்டும் ஏற்பவர்கள் நிர்வாகக் குழு உறுப்பினர்கள். மாலை வகுப்பு நடத்துபவரையும் பயிற்சியாளரையும் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். குழுவினரைப் பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. ஆனாலும் பணம், சட்டம், பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றுக்கும் இறுதியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

இந்த ஏற்பாடு சென்னைக்குப் புதிதல்ல. டேவிட் மெக்கானகி 1890-இல் தொடங்கிய மதராஸ் ஒய்.எம்.சி.ஏ. அதற்கு நல்ல முன்னுதாரணம். தன்னார்வ உறுப்பினர்கள் கொண்ட குழு கொள்கையை வகுக்கும், ஊதியம் பெறும் பொதுச் செயலாளர் அன்றாடப் பணியை நடத்துவார் என்பதே ஒய்.எம்.சி.ஏ.வின் அடிப்படை அமைப்பு. ஜார்ஜ் டவுன் ஓரத்தில் எஸ்பிளனேடு கட்டடம் எழுந்ததும், 1920-இல் ஹாரி குரோ பக் உடற்கல்விப் பயிற்சியைத் தொடங்கியதும் இந்த அமைப்புக்குள்தான். தொடங்கியவர்களின் காலத்துக்குப் பிறகும் பணி நிலைத்ததற்கு, பொறுப்பு ஒருவர் கையில் குவியாமல் இருந்தது முக்கியக் காரணம்.

வடசென்னையில் இன்றுள்ள பல அமைப்புகள் வேறு விதமாகப் பிறந்தவை. வியாசர்பாடியில் 1997-இல் தொடங்கிய ஸ்லம் சில்ட்ரன் ஸ்போர்ட்ஸ் டேலண்ட் எஜுகேஷன் டெவலப்மெண்ட் சொசைட்டி, அந்தப் பகுதியின் கால்பந்து ஆர்வத்திலிருந்து எழுந்தது. புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. இத்தகைய முகாம்களின் பிள்ளைகளுடைய கல்விக்காக உழைத்துவரும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், எஸ்.சி. சந்திரகாசன் தலைமையில் 1984-இல் ஏதிலியராலேயே உருவாக்கப்பட்டது. தேவையை அனுபவித்தவர்களே தொடங்குவதால் இத்தகைய அமைப்புகளுக்கு ஊரின் நம்பிக்கை எளிதில் கிடைக்கிறது. ஆனால் நிறுவியவரின் உழைப்பையே முழுக்க நம்பி நிற்கும் ஆபத்தும் கூடவே வருகிறது. அந்த ஆபத்தைத் தவிர்க்கும் வழி, உயிருள்ள நிர்வாகக் குழுதான்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இதற்கான குறைந்தபட்ச வரம்பைத் தருகிறது. சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும்; குழுவில் மூவருக்குக் குறையக் கூடாது; குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளரிடம் தாக்கல் செய்யப்பட வேண்டும். இவற்றைக் காகிதச் சடங்காகக் கருதும் குழு, நன்கொடையாளரின் நம்பிக்கையையும் அரசு உதவி பெறும் தகுதியையும் ஒருங்கே இழக்க நேரும். கூட்டம் நடக்காமலே மினிட் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சட்டப்படி தவறு. அமைப்பின் உயிரையும் அது குடிக்கிறது.

வழிகாட்டுவதும் நடத்துவதும் வெவ்வேறு வேலைகள். எந்தத் தெருவில் வகுப்பு தொடங்குவது, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, அதற்கு எவ்வளவு பணம் என்பவை குழு முடிவு செய்ய வேண்டியவை. எந்தப் பிள்ளை எந்த அணியில் ஆடுவது என்பது பயிற்சியாளரின் முடிவு. பொருளாளர் மாதக் கணக்கைக் கேட்பது கடமை. களப்பணியாளரைத் தினமும் தொலைபேசியில் அழைத்து உத்தரவிடுவது தலையீடு. ஒருவரே தலைவராகவும் செயலாளராகவும் காசோலையில் கையெழுத்திடுபவராகவும் இருந்தால், அவரிடம் கேள்வி கேட்க யாருமே இருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது பிள்ளைகளின் பாதுகாப்பு. போக்சோ சட்டம், 2012-இன்படி, பிள்ளைகள் மீது பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. "அமைப்பின் பெயர் கெட்டுவிடும்" என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கும் அதிகாரம் எந்தக் குழுவுக்கும் கிடையாது. எழுத்துவடிவிலான பாதுகாப்புக் கொள்கை, புகார் கேட்கப் பொறுப்பான ஒருவர், பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஆகியவை ஒவ்வோர் அமைப்பிலும் இருக்க வேண்டியவை.

குழுவில் யார் இடம்பெறுகிறார் என்பதும் பணியின் தரத்தைத் தீர்மானிக்கிறது. கணக்குத் தெரிந்தவரும் வழக்கறிஞரும் தேவை. அதே அளவுக்கு, அந்தத் தெருவில் பிள்ளை வளர்க்கும் தாயும், அதே அமைப்பில் வளர்ந்து இப்போது வேலைக்குப் போகும் இளைஞரும் தேவை. புழல் போன்ற இடத்தில் முகாம் குடும்பங்களின் குரல் குழுவில் இல்லாவிட்டால், அவர்களுக்கான முடிவுகளை வெளியாட்கள்தான் எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வாக்குரிமை இல்லாத ஆலோசனைக் குழுவாவது அமைய வேண்டும். அதன் கருத்து ஒவ்வொரு கூட்டத்திலும் பதிவாக வேண்டும்.

இத்துறையில் பணிபுரிவோர் அடுத்த பொதுக்குழுவுக்கு முன் நான்கை உறுதி செய்துகொள்ள வேண்டும்: பதவிக்காலம் முடிந்தவர் யார், கணக்கு தாக்கல் ஆயிற்றா, பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் உள்ளதா, பயன்பெறும் குடும்பங்களிலிருந்து ஒருவராவது குழுவில் இருக்கிறாரா. ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையென்றால், புதிய திட்டம் எதையும் தொடங்குமுன் அதைச் சரிசெய்வதே குழுவின் முதல் வேலை.