ராங்க் கார்டில் ராங்க் எதற்கு?

காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரே கதைதான். பையன் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அட்டையை மெதுவாக நீட்டுவான். அப்பா முதலில் பார்ப்பது ராங்க். அடுத்தது டோட்டல். அதற்கப்புறம் சிவப்பு மையில் வட்டம் போட்ட மார்க். கொஞ்சம் திட்டு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இனி அரையாண்டுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அட்டையின் மேலே 'முன்னேற்ற அறிக்கை' என்றோ 'புரோகிரஸ் ரிப்போர்ட்' என்றோ அச்சடித்திருக்கும். ஊர் வழக்கில் அதற்கு 'ராங்க் கார்டு' என்று பெயர். ஊர் வைத்த பெயர்தான் சரி! முன்னேற்றத்தைப் பற்றி அதில் ஒரு வரி கூடக் கிடையாது.

ஒரு சின்ன கணக்கு. நாற்பத்தைந்து பேர் படிக்கிற வகுப்பு. ஒரு பையன் காலாண்டில் கணக்கில் 38 எடுக்கிறான், ராங்க் 32. பயந்துபோய் மூன்று மாதம் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, அரையாண்டில் 55 எடுக்கிறான். ஆனால் அரையாண்டு வினாத்தாள் கொஞ்சம் சுலபம், வகுப்பில் எல்லோருக்குமே மார்க் ஏறிவிட்டது. அவன் ராங்க் 34. வீட்டில் என்ன சொல்வார்கள்? "ரெண்டு ராங்க் கீழ போயிட்டியேடா!"

பதினேழு மார்க் ஏறியவனுக்குத் திட்டு. இதுதான் முன்னேற்ற அறிக்கையா?

ராங்க் என்பது அந்தப் பையனைப் பற்றிய தகவலே இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிய தகவல். நன்றாகப் படிக்கிற வகுப்பில் இருபதாவது வருபவன், சுமாரான வகுப்பில் முதலாவது வருபவனைவிட அதிகம் தெரிந்தவனாக இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் அழுகை, இன்னொரு வீட்டில் பாயசம்.

சரி, ராங்கை விட்டுவிட்டு மார்க்கையாவது நம்பலாமா? பத்தாம் வகுப்பு கணக்கு வினாத்தாளைப் பாருங்கள். பதினான்கு ஒரு மார்க் கேள்வி. கடைசியில் எட்டு மார்க் கேள்வி இரண்டு: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். 'ஸ்லோ லேர்னர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தனியாக உட்காரவைத்து இந்த வடிவியலையும் வரைபடத்தையும் மட்டும் திரும்பத் திரும்பப் போடவைப்பார்கள். 16 மார்க் அதில். புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்தால் இன்னொரு பத்துப் பன்னிரண்டு. அங்கே இங்கே இரண்டு மார்க் கேள்வி நாலைந்து. பாஸ் மார்க் 35 வந்துவிட்டது!

அதே வகுப்பில் இன்னொருத்தி. இயற்கணிதம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மெதுவாக எழுதுவாள், கடைசிப் பக்கங்களுக்கு நேரம் போதவில்லை. அவளுக்கும் 35. இந்த இரண்டு பேருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றா? ஒருவனுக்கு அடிப்படையிலிருந்து சொல்லித்தர வேண்டும். இன்னொருத்திக்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகினால் போதும். ராங்க் கார்டு இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைப் போட்டு, ஒரே சிவப்பு வட்டத்தையும் போட்டு அனுப்பிவிடுகிறது. பெற்றோர் இருவரையும் ஒரே டியூஷனில் சேர்க்கிறார்கள்.

"ராங்க் இல்லாவிட்டால் போட்டி மனப்பான்மையே போய்விடும், நாளைக்கு உலகத்தை எப்படிச் சந்திப்பான்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கிலோ டிஎன்பிஎஸ்சியிலோ ராங்க் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. இடம் கொஞ்சம், ஆள் நிறைய. யாருக்குக் கொடுப்பது என்று வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். எட்டாம் வகுப்பு 'பி' செக்‌ஷனில் என்ன இடம் காலியாக இருக்கிறது? முதல் பெஞ்சுக்குக் கவுன்சிலிங்கா நடக்கிறது? நாற்பத்தைந்து பேருக்கும் பின்னம் புரிந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

அரசாங்கத்துக்கே இது புரிந்த விஷயம். 2017 மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபோது, மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக்கல்வித் துறை நிறுத்தியது. அதற்கு முன்பெல்லாம் முதலிடம் பிடித்தவருக்கு லட்டு ஊட்டும் போட்டோதான் மறுநாள் பேப்பரில். மாணவர்கள் மேல் வீண் அழுத்தம் என்று அதை எடுத்தார்கள். மாநில அளவில் வருஷத்துக்கு ஒரு தடவை போட்ட ராங்க் தவறு என்றால், வகுப்பறையில் ஒவ்வொரு மாதத் தேர்வுக்கும் போடும் ராங்க் மட்டும் எப்படிச் சரி?

இன்னொரு பழக்கமும் உண்டு. காலாண்டு, அரையாண்டு பேப்பர்களை வேண்டுமென்றே இறுக்கித் திருத்துவது. "இப்ப பயந்தாத்தான் பப்ளிக்ல ஒழுங்கா எழுதுவான்" என்பது சமாதானம். அதாவது, பெற்றோருக்குப் போகும் எண் உண்மையான எண் கூட இல்லை, மிரட்டல் எண். 2020 இல் கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தானபோது என்ன ஆயிற்று? காலாண்டு, அரையாண்டு மார்க்குக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று போட்டு மார்க் கொடுத்தார்கள். பயமுறுத்துவதற்காகக் குறைத்துப் போட்ட மார்க், ஒரே நாளில் சர்டிபிகேட் மார்க்காக மாறிவிட்டது. தாராளமாகத் திருத்திய பள்ளியின் பிள்ளைக்கு யோகம், மிரட்டிய பள்ளியின் பிள்ளைக்குத் தண்டனை.

இதைவிடக் கொடுமை ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்ட ஆசைப்படும் சில தனியார் பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பு ராங்க் கார்டு ஒரு சல்லடை. கீழே இருப்பவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்று டிசியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு எங்கே உதவி தேவை என்று காட்ட வேண்டிய அட்டை, பிள்ளையை வெளியே அனுப்பும் அட்டையாகிவிட்டது.

மாற்று முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2012-13 இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. நல்ல யோசனைதான். நடைமுறையில்? ஸ்டேஷனரி கடையில் வாங்கிய படத்தை சார்ட்டில் ஒட்டினால் செயல்பாட்டு மார்க். எல்லோருக்கும் 18, 19, 20. எண் மாறியது, பெற்றோருக்குக் கிடைத்த தகவல் மாறவில்லை.

என்னதான் வேண்டும்? பெரிதாக ஒன்றுமில்லை.

ராங்க் என்ற கட்டத்தை அட்டையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மார்க் இருக்கட்டும், பக்கத்தில் போன தேர்வின் மார்க்கும் இருக்கட்டும். அப்போதுதான் பிள்ளையை அவனோடேயே ஒப்பிட முடியும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு வரி: "காரணிப்படுத்த வருகிறது, பின்னக் கூட்டல் தடுமாறுகிறது." பருவத்துக்கு ஒரு தடவை போதும். ஐந்து செக்‌ஷன் எடுக்கும் ஆசிரியருக்கு இருநூறு வரி எழுத நேரம் ஏது என்று கேட்கலாம். சரிதான். பாடத்துக்கு எட்டுப் பத்து திறன்களை அச்சடித்து டிக் போடச் சொல்லலாம். டோட்டல் கூட்டி, ராங்க் வரிசை போட்டு, அதையும் சரிபார்க்கச் செலவாகும் நேரம் மிச்சம்தானே.

எழுதுவது தமிழில் இருக்கட்டும். கூலி வேலையை ஒருநாள் விட்டுவிட்டு பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வரும் அம்மாவுக்கு, மற்ற பெற்றோர் முன்னால் "உங்க பையன் படிக்கவே மாட்டேங்கிறான்" என்ற ஒரு வாக்கியம்தான் இப்போது கிடைக்கிறது. அவருடைய ஒருநாள் சம்பளத்துக்கு அதைவிட உருப்படியாக ஏதாவது கொடுக்க வேண்டாமா?

பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும். இந்த மூன்றையும் சொல்லாத அட்டையில் பெற்றோர் எதற்குக் கையெழுத்துப் போட வேண்டும்? அடுத்த முறை பேனாவை எடுக்கும் முன் இதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.